சூடா, நிறமா, பாரா? நாகைக் கடலில் தூண்டிலுக்கு இடம் தேடுவது

வஞ்சிரமும் பாரையும் வேண்டுமென்றால் கடலடிப் பாறைத் திட்டான பாருக்குப் போங்கள். மயில்மீனும் சூரையும் வேண்டுமென்றால் தண்ணீர் நிறம் மாறும் கோட்டைத் தேடுங்கள். பழையாறிலிருந்து கோடியக்கரை வரையுள்ள கடலில் செயற்கைக்கோள் எடுக்கும் வெப்பப் படத்தை மட்டும் நம்பி எண்ணெய் எரிப்பது வருடத்தில் பல மாதம் வீண் செலவு.

வெப்பப் படம்

யூடியூபில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்காரர்கள் வெப்பப் படத்தை விரித்து வைத்து இடம் குறிப்பதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள். அங்கே வளைகுடா நீரோட்டம் கரைப்பக்கக் குளிர்ந்த தண்ணீரை உரசிக்கொண்டு ஓடுகிறது. சில கிலோமீட்டருக்குள் பல டிகிரி வித்தியாசம் வந்துவிடும். வங்கக் கடலில் ஏப்ரல், மே மாதங்களில் கரையோரமும் 29, 30 டிகிரி, வெளியேயும் அதே கணக்கு. படம் முழுக்க ஒரே சிவப்பு. அதில் கோடு தேடுவது ரசத்தில் கரைந்த உப்பைக் கண்ணால் தேடுவது மாதிரி.

வெப்பப் படம் இங்கே உதவும் காலம் இரண்டு. ஒன்று, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, கரையோரத் தண்ணீர் வெளிக்கடலைவிடக் குளிர்ந்திருக்கும்போது. இன்னொன்று, ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) நாலைந்து நாள் விடாமல் அடிக்கும்போது. கரையை ஒட்டி வடகிழக்காக வீசும் அந்தக் காற்று மேல்தண்ணீரைத் தனக்கு வலப்பக்கம், அதாவது கடலுக்குள், தள்ளும். அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் ஏறும். நாலைந்து கிலோமீட்டருக்குள் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை மாறினால் இந்தக் கடலுக்கு அது பெரிய கோடு.

ஆனால் படம் பொய்யும் சொல்லும். காற்றில்லாத நாளில் பகல் வெயில் மேல்தோலை மட்டும் ஒன்றிரண்டு டிகிரி சூடாக்கிவிடும். அதனால் இரவுப் படத்தையே எடுங்கள். மேகத்தின் ஓரம் குளிர்ந்த தண்ணீர் போலத் தெரியும். அதே இடத்தில் நிறப் படத்திலும் கோடு இருந்தால் மட்டும் நம்பலாம். அளவுகோலைத் தானாக மாற விடாமல் 26 முதல் 31 என்று பூட்டி வைத்தால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும்.

பச்சையப் படம்

தண்ணீரிலுள்ள நுண்பாசியின் பச்சையத்தை (குளோரோபில்) அளந்து காட்டும் நிறப் படம் இது. எங்கள் ஓட்டு இதற்குத்தான். கரையோரம் பச்சை, வெளியே நீலம் என்ற பிரிவு ஏறக்குறைய வருடம் முழுக்க இருக்கும். வெப்பம் ஒரே மாதிரி இருக்கும் நாளிலும் நிறம் மாறும். இரை மீன் பச்சைப் பக்கம் மேயும், வேட்டை மீன் தெளிந்த பக்கம் நின்று அதைப் பிடிக்கும். ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம் பச்சையம் என்றால் வெறும் நீலத் தண்ணீர். 0.2லிருந்து 0.5க்கு நெருக்கமாக மாறும் இடத்தைக் குறியுங்கள். அகலமாக மெல்ல மாறும் இடம் வேண்டாம், நிறப் பட்டைகள் ஒன்றை ஒன்று நெருக்கும் இடம் வேண்டும். கோடு நேராக ஓடாமல் பை போல வளைந்து உள்வாங்கியிருந்தால் அந்தப் பையின் முனை முதல் குறி.

இதிலும் ஒரு டெல்டா வில்லங்கம் உண்டு. மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள் என்று செய்தியில் ஓடினால், சில நாளில் பழையாறு முகத்துவாரத்தில் வண்டல் இறங்கும். செயற்கைக்கோளுக்கு வண்டலும் பச்சையமும் பிரித்துத் தெரியாது. படத்தில் 3, 5 என்று மின்னும். அது மீன் மேயும் தண்ணீர் இல்லை, கலங்கல். அந்த வாரத்தில் முகத்துவாரத்துக்கு எதிரே காட்டும் அளவை அப்படியே ஒதுக்கிவிட்டு, கலங்கலின் வெளி ஓரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடினால் வெப்பப் படமும் நிறப் படமும் சேர்ந்தே கண்ணை மூடிவிடும். எட்டு நாள் சராசரிப் படம் அந்த ஓட்டையை நிரப்பியது போலக் காட்டும். கோடு எட்டு நாளில் எங்கெங்கோ நகர்ந்திருக்கும், படத்தில் வெறும் மங்கல்தான் மிஞ்சும். கடல்மட்ட உயரப் படம் மேகத்தை மீறிப் பார்க்கும், நீர்ச்சுழிகளைக் காட்டும். ஆனால் அதன் கட்டம் பெரியது, கரையோரத்தில் நம்பகமும் குறைவு. இரண்டு நாள் கடலில் தங்கும் விசைப்படகுக்கு அது பயன்படும், விடிகாலை போய் மதியம் திரும்பும் ஃபைபர் போட்டுக்கு இல்லை.

இன்காய்ஸ் அறிவிப்பு

ஹைதராபாத்திலுள்ள அரசுக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெப்பத்தையும் பச்சையத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் சேரும் இடத்தை இறங்குதளம் வாரியாகத் திசை, கோணம், தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று தமிழிலேயே தருகிறது. காசு இல்லை. படம் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலும் மேகம் மூடிய நாளிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

குறை என்னவென்றால், அது வலைக்காரருக்காக எழுதப்பட்டது. மீன் கூட்டம் சேர வாய்ப்புள்ள பரப்பைச் சொல்கிறது. சூரைக்கான தனி அறிவிப்பைத் தவிர, எந்த மீன் என்று சொல்லாது. தூண்டில்காரர் அந்தப் புள்ளிக்குப் போய் எஞ்சினை நிறுத்தி உட்கார்ந்தால் வெறுங்கைதான். அதைக் கோட்டின் ஒரு முனையாக எடுத்து, நீரோட்டத் திசையில் நகர்த்திப் பார்க்க வேண்டும். நேற்று மதியப் படத்துக்கும் இன்று காலை ஆறு மணிக்கும் இடையே 18 மணி நேரம். நீரோட்டம் ஒரு நாட் (மணிக்கு 1.85 கிலோமீட்டர்) என்றால் கோடு 33 கிலோமீட்டர் போயிருக்கும். அரை நாட் என்றால் 16, 17. மார்ச், ஏப்ரலில் இந்தக் கரையில் நீரோட்டம் வடக்கே இழுக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. நாகைக்கு நேரே காட்டிய கோடு மார்ச்சில் காரைக்கால், தரங்கம்பாடிப் பக்கம் கிடக்கலாம்.

ஜிபிஎஸ்ஸில் ஏற்றும்போது நடக்கும் தப்பு ஒன்று. அறிவிப்பு பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செகண்ட்) என்று வரும். கருவி பெரும்பாலும் கலையைப் புள்ளி வைத்துக் கேட்கும். 10°45′50″ என்பதை 10°45.50′ என்று அடித்தால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். விகலையை 60ஆல் வகுத்து 45.833 என்று போட வேண்டும். நிறக்கோட்டுக்கு 600 மீட்டர் பரவாயில்லை. பாருக்கு அது வேறு ஊர்.

பார்

படங்கள் எல்லாம் நகரும் இடத்தைக் காட்டுகின்றன, பார் நகராது. நீரோட்டம் பாறையில் மோதி மேலே எழும், இரை மீன் அங்கே தங்கும், வஞ்சிரமும் சீலாவும் சுற்றும். ஆனால் பாரின் மேல் எல்லாப் பக்கமும் மீன் நிற்காது. நீரோட்டம் வந்து மோதும் பக்கத்தில்தான் நிற்கும். மார்ச்சில் தெற்கு ஓரம், நவம்பரில் வடக்கு ஓரம். ஒரே குறியை வருடம் முழுக்க ஒரே பக்கத்திலிருந்து அணுகுகிறவர்தான் ‘பார் செத்துப்போச்சு’ என்கிறார்.

போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் மிதக்க விடுங்கள். ஜிபிஎஸ் 150 மீட்டர் நகர்ந்ததாகக் காட்டினால் ஒரு நாட். நகர்ந்த திசைக்கு எதிர்ப்பக்கம் நூறு, இருநூறு மீட்டர் ஏறிப்போய், அங்கிருந்து பார் மேல் மிதந்து வாருங்கள். காற்றும் படகைத் தள்ளும் என்பதால் படகு போகும் வழியும் தண்ணீர் போகும் வழியும் ஒன்றாக இருக்காது. இறக்கிய ஜிக் (எடையுள்ள உலோகப் போலி இரை) எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள். 40 மீட்டர் ஆழத்தில் 100 கிராம் ஜிக்கில் தொடங்கலாம். கயிறு 45 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் எடையைக் கூட்டுங்கள்.

ஒலியால் ஆழமும் மீனும் காட்டும் எக்கோ கருவியில் 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை 12 டிகிரி விரிவு என்றால் 40 மீட்டர் ஆழத்தில் 8 மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கிறது. பாரைத் தேட 50 கிலோஹெர்ட்ஸ், கிடைத்த பின் மீனைப் பார்க்க 200. கெயினை (கருவியின் உணர்திறனை) ஏற்றினால் நடுத்தண்ணீரில் மங்கலாக ஒரு பட்டை தெரியலாம். சூடும் குளிரும் பிரியும் அடுக்கு அது. இரை பெரும்பாலும் அதை ஒட்டியே நிற்கும்.

பாரின் பலவீனம், எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பது. வலையும் தூண்டிலும் மாறி மாறி விழும். உள்ளூர்க்காரர் வலை விட்டிருந்தால் ஒதுங்கிப் போவதுதான் முறை.

எண்ணெய்க் கணக்கு

40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 15 லிட்டருக்கு மேல் குடிக்கும். அரை நாள் பயணத்தில் 20 கிலோமீட்டருக்குள் நிறக்கோடு இருந்தால் அங்கே போங்கள். அதற்கு மேல் என்றால் பார். வழியிலேயே பார் இருந்து, அதன் மேல் நிறக்கோடும் விழுந்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

கோட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பச்சைத் தண்ணீர் முடியும் இடத்தில் நுரை ஒரு கயிறு போலக் கிடக்கும். அதில் பாசி, தேங்காய் மட்டை, தெர்மாகோல் துண்டு. அதைக் குறுக்கே வெட்டிப் போகாமல் ஒட்டியே, நீலப் பக்கம் 50 மீட்டர் தள்ளி, 6 முதல் 8 நாட் வேகத்தில் லூரை (போலி இரையை) இழுங்கள். வஞ்சிரத்துக்கு 5 போதும். கோலா மீன் பறந்தால் கீழே துரத்துகிறவன் இருக்கிறான். ஆலாப் பறவைகள் உயரத்தில் வட்டமிட்டால் தேடுகின்றன, கூட்டமாகப் பாய்ந்தால் கிடைத்துவிட்டது. கூட்டத்தின் நடுவே படகை விட்டால் மீன் அடியில் போய்விடும். ஓரமாகச் சுற்றி வாருங்கள்.

தெற்கே கோடியக்கரைப் பக்கம் கோட்டைத் துரத்தும்போது கருவியில் இலங்கை எல்லைக் கோட்டை அலாரத்தோடு ஏற்றி வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீரோட்டம் தெற்கே இழுப்பதால், மீனோடு போராடும் அரை மணி நேரத்தில் ஒரு நாட் நீரோட்டம் படகைக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கொண்டுபோய்விடும்.