காகித நாட்குறிப்பா, கையடக்கக் கருவியா?

நாள்பட்ட வலி பற்றிய ஆய்வில் நோயாளியிடம் கேட்பது சின்னக் கேள்விதான்: இப்போது எவ்வளவு வலிக்கிறது? இதில் 'இப்போது' என்பதுதான் உயிர். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், உச்சத்தில் வலித்ததும் கடைசியாக வலித்ததும்தான் பெரிதாக நினைவில் நிற்கும். நடுவே நிம்மதியாகப் போன பொழுதுகள் கணக்கில் வராது. அதற்காகத்தான் நாட்குறிப்பு.

காகிதம் மலிவு, யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் எப்போது எழுதினார்கள் என்று அதற்குத் தெரியாது. இதை அமெரிக்காவில் ஆர்தர் ஸ்டோன், சௌல் ஷிஃப்மன் குழுவினர் சோதித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். வலியோடு வாழும் 80 பேரில் பாதிப் பேருக்குக் காகிதம், மீதிப் பேருக்குக் கையடக்கக் கணினி. காகிதம் வைத்த கோப்பில் வெளியே தெரியாதபடி ஓர் ஒளி உணரி; கோப்பைத் திறந்தால் நேரம் பதிவாகிவிடும். நோயாளிகள் எழுதியிருந்த தேதி, நேரப்படி பார்த்தால் 90% பதிவுகள் சரியான வேளையில் நடந்தவை. உணரி சொன்னதோ 11%. கோப்பைத் திறக்கவே திறக்காத நாட்களுக்கும் பக்கங்கள் ஒழுங்காக நிரம்பியிருந்தன! பரீட்சைக்கு முதல் நாள் ரெக்கார்டு நோட்டு எழுதியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கருவி வைத்திருந்தவர்கள் 94% பதிவுகளைச் சரியான வேளையில் செய்தார்கள்.

சரி, கருவி பீப் அடித்து நினைவூட்டும், காகிதம் அடிக்காதே, இது நியாயமான போட்டியா? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பிறகு காகிதக்காரர்களுக்கும் ஒலியால் நினைவூட்டிப் பார்த்தார்கள். நிலைமை கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான், கருவியை எட்டவில்லை. நேரம் தப்பினால் பூட்டிக்கொள்வதுதான் கருவியின் பலம் என்பது என் எண்ணம். பழையதை உட்கார்ந்து நிரப்ப வழியில்லை.

கருவிக்கும் வினை உண்டு. மூட்டுவாதக் கை விரல்களுக்குச் சின்னத் திரையும் குச்சிப் பேனாவும் தொல்லை. அந்தக் காலத்தில் வந்த பாம் (Palm) என்ற கையடக்கக் கணினிகளில் பேட்டரி அடியோடு தீர்ந்தால் உள்ளே சேர்ந்த பதிவுகளும் போய்விடும்.

இப்போது நோயாளியின் சொந்த ஃபோனிலேயே செயலியைப் போட்டுவிடுகிறார்கள். தனிக் கருவியைச் சுமக்க வேண்டாம், சார்ஜ் போட மறக்கவும் மாட்டார்கள். ஆனால் ஃபோனை சைலன்ட்டில் போட்டுவிட்டால் நினைவூட்டல் ஊமை. ஒருவருக்குப் பெரிய திரை, இன்னொருவருக்குக் கீறல் விழுந்த சின்னத் திரை என்று கேள்வியின் தோற்றமே ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கும் வலிக்கு நான் கருவியைத்தான் எடுப்பேன். கூடவே சின்ன நோட்டு ஒன்றும் கொடுப்பேன். 'மழை பெய்தது, முழங்கால் பிடித்துக்கொண்டது' என்பதைப் பூஜ்யம் முதல் பத்து வரை உள்ள அளவுகோலில் எழுத முடியாது. அந்த நோட்டை எப்போது நிரப்பினார்கள் என்று மட்டும் கேட்க மாட்டேன்.