மாப்பிள்ளை வீட்டார் வருகை: ஆபீஸ் காலண்டரோடு 7 வருடம்

2018-இல் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கூகுள் காலண்டர்தான். முதல் ஒன்றரை வருடம் அதன் செட்டிங்ஸ் பக்கத்தை நான் கவனித்துப் பார்த்ததில்லை. மீட்டிங் அழைப்பு வரும், சரி என்று அழுத்துவேன், அவ்வளவுதான். சொந்த வேலைகளையும் அதிலேயே குறித்து வைப்பேன், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் யாராவது ஒரு மீட்டிங்கைச் செருகிவிடுவார்கள். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் 2 முதல் 6 வரை 'மாப்பிள்ளை வீட்டார் வருகை' என்று போட்டிருந்தேன். அந்த வாரம் டீம் மீட்டிங்கில் ஒரு சீனியர், ரொம்ப இயல்பாக, "டெமோ வெள்ளிக்கிழமை வேண்டாம்மா, உனக்கு அன்னைக்கு பஜ்ஜி சொஜ்ஜி இருக்குல்ல" என்றார். 11 பேர் இருந்த மீட்டிங் அது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. அது இரண்டாவது இடம். முதல் இடம் அதற்கு முந்தைய மாதமே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது, அதுவும் காலண்டரில் இருந்தது. ஆக, முதல் இடம் அமையவில்லை என்பதும் 11 பேருக்கும் தெரிந்திருக்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை.

யாரும் வேவு பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். மீட்டிங் வைக்க நேரம் தேடும்போது என் காலண்டர் பக்கத்தில் விரியும், தலைப்பு தானாகக் கண்ணில் படும். எங்கள் நிறுவனத்தில் ஐ.டி. நிர்வாகி அமைத்திருந்தபடி, ஆபீஸுக்குள் யார் வேண்டுமானாலும் யாருடைய காலண்டரிலும் எல்லா விவரத்தையும் பார்க்கலாம். அதை என் அளவில் நானே மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

அன்றைக்கே நான் செய்தது தவறான வைத்தியம். ஒவ்வொரு சொந்த வேலையையும் திறந்து 'பிரைவேட்' என்று மாற்றினேன். இதில் இரண்டு தொல்லை. ஒன்று, நினைவு வைத்துச் செய்ய வேண்டும், பத்தில் இரண்டு விட்டுப்போகும், விட்டுப்போவது எப்போதும் எது வெளியே தெரியக்கூடாதோ அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று, மற்ற எல்லாவற்றுக்கும் தலைப்பு தெரிகிற காலண்டரில் ஒன்று மட்டும் வெறும் 'பிஸி' என்று நின்றால், தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்க ஒரு வீடு மட்டும் சாத்தியிருப்பது போல, அங்கேதான் எல்லோர் கண்ணும் போகும். வேறு வேலைக்கு இன்டர்வியூ போகிறாளோ என்று ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. நான் போனது பல் டாக்டரிடம்.

ஆனால் உண்மையில் தூக்கிவாரிப் போட்டது ஒரு வருடம் கழித்து. இடது பக்கம் நம் காலண்டர் பெயர் மேல் வரும் மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸும் பகிர்வும் என்று போனால், குறிப்பிட்ட ஆட்களோடு பகிர்ந்திருக்கும் பட்டியல் ஒன்று கீழே இருக்கும். அதில் இரண்டு பெயர்கள். பழைய புராஜெக்டில் மீட்டிங் எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தவர்கள், அப்போது வசதிக்காக நானே சேர்த்தது, அப்புறம் மறந்தே போயிற்று. இரண்டு பேருக்கும் 'மாற்றம் செய்யலாம்' அனுமதி. அந்த அனுமதி உள்ளவர்களுக்கு, நாம் பிரைவேட் என்று போட்டதுகூட முழுசாகத் தெரியும். நான் ஒரு வருடமாகக் கஷ்டப்பட்டு மறைத்ததெல்லாம் அவர்கள் பார்க்க நினைத்திருந்தால் பார்த்திருக்கலாம். பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது.

அந்த அனுமதிகள் நான்கு படி. பிஸியா இல்லையா என்பது மட்டும் தெரிவது, எல்லா விவரமும் தெரிவது, மாற்றம் செய்வது, மாற்றத்தோடு பகிர்வையும் நிர்வகிப்பது. நான்காவது கிட்டத்தட்ட வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி, அவர் இன்னொருவரைச் சேர்க்கலாம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு படி இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில் அது உண்டு, தலைப்பும் இடமும் மட்டும் தெரியும்படி விடலாம், உள்ளே எழுதிய குறிப்பு தெரியாது. இங்கே அப்படிப் பாதி திறக்க முடியாது.

இப்போது ஐந்து வருடமாக நான் வைத்திருக்கும் முறை தலைகீழ். மொத்த நிறுவனத்துக்கும் பிஸியா இல்லையா என்பது மட்டும். மேனேஜர், டீமில் தினமும் சேர்ந்து வேலை செய்யும் மூன்று பேர், இவர்களுக்கு மட்டும் எல்லா விவரமும். மாற்றும் அனுமதி யாருக்கும் இல்லை. இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும், ஆனால் கணினியில் பிரவுசரைத் திறந்து செய்துவிடுங்கள், நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். பூட்டிய முதல் வாரம் இரண்டு பேர் வந்து "ஏன் உன் காலண்டர் ஒண்ணுமே தெரியல" என்று கேட்டார்கள். நேரம் தெரிகிறதே, அது போதாதா என்றேன். அதோடு சரி. பிஸி என்று மட்டும் காட்டினால் மரியாதை இல்லாமல் அதன் மேலேயே மீட்டிங் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் 'அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்' என்று எழுதியிருந்தாலும் போடுவார்கள்.

சின்ன விஷயம் ஒன்று. ஒரு நிகழ்வை 'பிஸி' என்பதற்குப் பதில் 'ஃப்ரீ' என்று வைத்தால், நேரம் மட்டும் பார்க்கும் அனுமதி உள்ளவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் எனக்கு இப்படித்தான்.

சொந்த ஜிமெயில் காலண்டரை ஆபீஸ் கணக்கோடு பகிர்ந்தால் வேலை முடிந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முடியாது. இரண்டும் சேர்ந்து தெரிவது என் கண்ணுக்கு மட்டும்தான், மற்றவர்கள் நேரம் தேடும்போது ஆபீஸ் கணக்கின் முதன்மைக் காலண்டரைத்தான் பார்ப்பார்கள். ஆகவே டாக்டர், வங்கி, வீட்டு விஷயம் எல்லாம் முழு விவரத்தோடு சொந்தக் கணக்கில், ஆபீஸ் காலண்டரில் அதே நேரத்துக்கு 'வெளி வேலை' என்று ஒரு வெறும் பெட்டி. இரட்டை வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆபீஸ் கணக்கு நிறுவனத்துடையது, நாம் என்ன பூட்டு போட்டாலும் அது அவர்கள் கட்டிய வீட்டுக்குள் இருக்கும் அறைக்குப் போடும் பூட்டு. டாக்டர் பெயரை அங்கே எழுதாமல் இருப்பதுதான் பூட்டு.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு, அதே செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் 'ஐகேல் வடிவில் ரகசிய முகவரி' என்று ஒரு நீள இணைப்பு, நம் காலண்டரை வேறு ஆப்புகளில் காட்டுவதற்கானது. பேர்தான் ரகசியம். அந்த இணைப்பு கையில் இருந்தால் லாகின் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், முழுக் காலண்டரையும் படிக்கலாம், மேலே நாம் கவனமாக வைத்த நான்கு படி அனுமதியெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. சில நிறுவனங்களில் நிர்வாகி இதை மூடி வைத்திருப்பார், எங்கள் நிறுவனத்தில் மூடவில்லை. நான் 2019-இல் ஏதோ ஒரு வேலைப்பட்டியல் ஆப்பை முயன்று பார்க்க அந்த இணைப்பைக் கொடுத்திருந்தேன். ஆப்பை அழித்தேன், இணைப்பு அங்கேயே இருந்தது. அதை மாற்ற பக்கத்திலேயே ரீசெட் இருக்கிறது, அழுத்தினால் பழையது செத்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை, பொங்கல் லீவு முடிந்து வந்ததும் அதை அழுத்திவிடுவேன், அப்படியே பகிர்வுப் பட்டியலையும் ஒரு பார்வை. 'எல்லோருக்கும் பொது' என்ற பெட்டியை மட்டும் தெரியாமல்கூடத் தொட வேண்டாம், தொட்டால் கூகுள் தேடலிலும் வரும் என்று அதுவே எச்சரிக்கும், அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் சரி அழுத்துகிற கை நம்முடையது.

நான் அழைப்பு அனுப்பும் மீட்டிங்கில் விருந்தினர் பட்டியல் தெரியலாமா, அவர்கள் மற்றவர்களை அழைக்கலாமா என்ற இரண்டும் முதலிலேயே டிக் ஆகி இருக்கும். அப்ரைசல் மாதிரி பேச்சுக்கு இரண்டையும் எடுத்துவிடுகிறேன். நிகழ்வின் குறிப்புப் பகுதியில் சம்பளம், ஆட்களைப் பற்றிய கருத்து எதுவும் எழுதுவதில்லை. தலைப்பில் ஆள் பெயர் போடுவதையும் விட்டுவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டை இருக்கிறது. என் காலண்டரை நான் பூட்டினாலும், அதே மீட்டிங்குக்கு வரும் இன்னொருவர் தன் காலண்டரைத் திறந்தே வைத்திருந்தால், தலைப்பு, யார் யார் வருகிறார்கள், மீட்டிங் லிங்க் எல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். போன மாதம் ஒருவருடைய வேலை சரியில்லை என்று பேச மூன்று பேர் உட்கார வேண்டியிருந்தது. நானும் மேனேஜரும் பூட்டியிருந்தோம். அழைப்பை அனுப்பியது எச்.ஆர்., தலைப்பில் அந்தப் பையன் பெயர், போதாததற்கு மீட்டிங் அறையையும் சேர்த்து புக் செய்திருந்தார்கள். எங்கள் தளத்தில் அறை வாசலில் ஒரு திரை மாட்டியிருக்கிறது, அடுத்து உள்ளே என்ன மீட்டிங் என்று அதில் ஓடும். காலை 10 மணியிலிருந்து காபி மெஷினுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்துக்கொண்டு போனார்கள், அந்தப் பையன் உட்பட.

திரையில் தலைப்பு வராமல் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன். பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். அதுவரை அந்த அறையை நான் புக் செய்தால் தலைப்பு 'பேச்சு'.