ஆரக்கிள் டிரைவர் லைப்ரரி எரர்: மூன்று வழி, எது யாருக்கு?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு, ஆரக்கிள் டேட்டாபேஸிலிருந்து தினமும் ராத்திரி ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் போட்டுக் கொடுத்தேன். சர்வரில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். ஓட்டிய உடனே டிபிஐ-1047 என்ற எரர் வந்தது, டேட்டாபேஸுடன் பேச உதவும் கிளையன்ட் லைப்ரரியைக் காணோம் என்றது. ஆரக்கிள் தரும் அந்த லைப்ரரித் தொகுப்பான இன்ஸ்டன்ட் கிளையன்ட் ஜிப்பை விரித்து வைத்த ஃபோல்டரில் ஃபைல் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. லைப்ரரிகளை ஏற்றும் லினக்ஸ் லோடர் தேடிப் போகும் இடங்களில் அந்த ஃபோல்டர் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாரும் முதலில் செய்வது எல்டி லைப்ரரி பாத் என்ற வேரியபிளில் ஃபோல்டரைச் சேர்ப்பது. ஒரே வரி, ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு வேண்டாம். நானும் அதைத்தான் டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி ஃபைலில் எழுதினேன், பகலில் கையால் ஓட்டினால் ஜோராக ஓடியது. காலையில் கடைக்காரர் போன்: "தம்பி, ரிப்போர்ட் வரலையேப்பா." குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் பேஷ்ஆர்சியைப் படிக்காது, ரூட் உரிமையில் ஓட்ட சூடோ போட்டாலும் இந்த வேரியபிள் உதிர்ந்துவிடும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே செட் பண்ணலாம் என்று தோன்றும், அதுவும் பலிக்காது; புரோகிராம் கிளம்பும்போதே லோடர் அதைப் படித்து முடித்திருக்கும்.

இரண்டாவது வழி, லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளை. அதைவிட உறுதி. இடிசிக்குள் இருக்கும் லோடர் கான்ஃபிக் ஃபோல்டரில் ஒரு ஃபைல் போட்டு, பாதையை எழுதி, கட்டளையை ஒரு முறை ஓட்டினால் கிரான், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை முடிந்தது. ரூட் வேண்டும். கிளையன்ட்டை மாற்றினால் ஃபோல்டர் பெயரில் பதிப்பு எண்ணும் மாறும், பாதையையும் திருத்த வேண்டும். இதை மறந்துவிட்டு அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

இந்த இரண்டு வழிக்கும் பொதுவாக ஒரு கண்ணி உண்டு. எரரின் கடைசிப் பகுதியைப் படியுங்கள், சில நேரம் தொலைந்தது ஆரக்கிள் ஃபைலே இல்லை, அதற்குத் தேவையான லிப்ஏஐஓ என்ற லினக்ஸ் லைப்ரரி. உபுண்டு 24.04-இல் அந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் டி64 ஒட்டிக்கொண்டது, ஆரக்கிள் பழைய பெயரையே தேடுகிறது. பழைய பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது புதிய ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி, போட்டால் சரியாகிவிடும். ஒரு லைப்ரரிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை ஓட்டினால் எது இல்லை என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, லைப்ரரியே வேண்டாம் என்பது. 2022-இல் பழைய பைத்தான் டிரைவரான சிஎக்ஸ் ஆரக்கிளுக்கு அடுத்ததாக வந்த பைத்தான்-ஆரக்கிள்டிபி, வழக்கமாக கிளையன்ட் லைப்ரரி வேண்டாத தின் மோடில்தான் ஓடும். பைத்தானின் இன்ஸ்டாலரான பிப்பில் போட்டால் போதும், இன்ஸ்டன்ட் கிளையன்ட் தேவையில்லை. பழைய கோடில் இம்போர்ட் வரியை மாற்றி, கனெக்ட் பண்ணும் இடத்தில் யூசர், பாஸ்வேர்டைப் பெயர் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மளிகைக் கடையில் இருந்தது ஆரக்கிள் 19சி பதிப்பு, அதனால் கடைசியில் இதற்கே மாறிவிட்டேன்.

ஆனால் டேட்டாபேஸ் 12.1-க்குக் கீழே என்றால் தின் மோடு ஒட்டாது. டேட்டாபேஸுடன் பேசுவதை மறையாக்கும் ஆரக்கிளின் நேட்டிவ் நெட்வொர்க் என்கிரிப்ஷனைக் கட்டாயமாக்கி வைத்திருந்தாலும் அதே கதை. கப்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்னும் 11.2 தான், "ஓடுறத எதுக்குண்ணே மாத்தணும்?" என்கிறார்கள். அங்கே எல்டிகான்ஃபிக்தான் போட்டேன், கிளையன்ட்டும் 19-ஆம் பதிப்பு. 21-ஆம் பதிப்பைப் போட்டிருந்தால் 11.2-வுடன் பேசியிருக்காது.