சாவேஜ் அக்யூட்ரிகர் விசை: வேட்டைக்கு எந்த அளவு உதவும்?

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான சாவேஜ் 2000-களின் தொடக்கத்தில் தன் போல்ட் வகை ரைஃபிள்களில் (பிடியைக் கையால் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) அறிமுகப்படுத்திய அக்யூட்ரிகர் விசையைப் பாராட்டுவோர் பெரும்பாலும் மேசையில் மணல்மூட்டையின் மீது துப்பாக்கியைக் கிடத்தி, தாள் இலக்கில் துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதை வைத்தே பாராட்டுகிறார்கள். அந்தச் சோதனையில் இது சிறப்பாகவே தேறுகிறது. மேடேறி வந்து மூச்சிரைக்க முழங்கால் ஊன்றியவர், விலங்கு புதருக்குள் மறைவதற்கு முன் சுட்டாக வேண்டிய சில நொடிகளில் இதே விசை எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு கேள்வி. இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விரல் முதலில் அந்தத் தகட்டை உள்ளே தள்ளிய பிறகே விசை முழுமையாக இயங்கும். துப்பாக்கி கீழே விழுந்தோ எதிலாவது மோதியோ சியர் (சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருந்து, விசையை இழுத்ததும் விடுவிக்கும் உறுப்பு) நழுவினாலும், தகடு அழுத்தப்படாதவரை சியரைத் தடுத்து நிறுத்திவிடும். ஊசி தோட்டாவைத் தொடாது. பாதுகாப்புக்கு இப்படித் தனி ஏற்பாடு இருப்பதால்தான், பயன்படுத்துபவரே இழுவை எடையை, அதாவது விசை விடுபட விரல் தர வேண்டிய அழுத்தத்தை, குறைத்துக்கொள்ள நிறுவனத்தால் துணிந்து இடம் தர முடிந்தது. பல வேட்டை மாதிரிகளில் அதை 6 பவுண்டு வரை கூட்டலாம்; கீழ் வரம்பு மாதிரிக்கு மாதிரி ஒன்றரை, இரண்டரை பவுண்டு என மாறுகிறது.

இழுவை எடை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்றால், வேட்டை ரைஃபிளே ஏறத்தாழ மூன்றரை கிலோதான் இருக்கும். 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோ அளவுக்கு விரலால் இழுக்கும்போது, தாங்கலின்றிப் பிடித்த துப்பாக்கி குறியிலிருந்து விலகுவது இயல்பு. இருந்தாலும் எடையைவிட விடுபடும் விதமே முக்கியம் என்பேன். அக்யூட்ரிகர் தகட்டைக் கடந்தபின் உரசலோ இழுவலோ இல்லாமல் ஒரே புள்ளியில் விடுபடுகிறது. களத்தில் குறிநோக்கியின் குறுக்குக்கோடு ஒருபோதும் அசையாமல் நிற்காது. ஓரளவு பெரிய மானின் உயிர்நிலைப் பகுதி சுமார் 20 செ.மீ. அகலம், அந்த வட்டத்துக்குள் கோடு அலைந்துகொண்டிருக்கும்போதே அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கோடு நடுவைத் தொடும் கணத்துக்காகக் காத்திருந்து வெடுக்கென்று இழுப்பவருக்கு, அலைவினால் வரும் பிழையைவிட அந்த இழுப்பினால் வரும் பிழையே பெரிதாகிவிடும். எங்கே விடுபடும் என்று முன்கூட்டியே உணர்த்தும் விசை இந்தப் பதற்றத்தை நன்றாகவே குறைக்கிறது.

குறையும் அதே தகட்டில்தான் இருக்கிறது. விரல் நடுவில் பதியாமல் விசையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால், சியர் நழுவித் தகட்டில் சிக்கிக்கொள்ளும்; துப்பாக்கி சுடாது. போல்ட் பிடியைத் தூக்கி இறக்கி மீண்டும் தயாராக்க வேண்டும். அந்தச் சிறு ஓசையும் அசைவுமே விலங்கை ஓட்டிவிடப் போதும். மேசையில் இது நேர்வதே அரிது. குளிரில் மரத்த விரல், தடித்த கையுறை, மரத்தில் சாய்ந்து உடலைத் திருகிக் குறிபார்க்கும் நிலை ஆகியவற்றில் நேர வாய்ப்புண்டு. பாதுகாப்புக்கு இது நியாயமான விலை என்றே கருதுகிறேன். ஆனால் வாங்குபவர் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

எடையைத் திருத்தத் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை அகற்றிவிட்டு, கட்டையை (தோளில் தாங்கும் பகுதியை) கழற்றி, உடன் தரப்படும் சிறு கருவியால் விசையின் சுருள்வில்லைத் திருப்பினால் போதும். கட்டையை மீண்டும் பூட்டிய பின் குறி மாறியிருக்கக்கூடும் என்பதால் சுட்டுச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். வேட்டைக்கு 3 பவுண்டு அளவை நான் பரிந்துரைப்பேன். ஒன்றரை பவுண்டில், கையுறை போட்ட விரல் விசையைத் தொட்டதை உணரும் முன்பே வெடித்துவிடலாம். இதைவிட மிக இலேசாக விடுபடும் ஐரோப்பிய ‘செட்’ விசைகள் (முன்கூட்டியே தயார்படுத்தி வைத்தால் மெல்லத் தொட்டதுமே விடுபடுபவை) உயரமான மறைவிடத்தில் நிதானமாகக் காத்திருப்பவருக்குப் பொருந்தும். நடந்து வேட்டையாடுபவருக்கு அவற்றை நான் சொல்ல மாட்டேன்.

இலேசான விசையைவிட நம்பகமான விசை வேண்டும் என்பதற்கு வேட்டை உலகில் சான்று உண்டு. ரெமிங்டன் நிறுவனம் 2014 ஏப்ரலில், விசையை இழுக்காமலே வெடிக்கும் வாய்ப்பு இருப்பதாகக் கூறி, எக்ஸ்-மார்க் ப்ரோ விசை பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது. அக்யூட்ரிகரில் தகடு இருப்பதால் பாதுகாப்புப் பூட்டையும், சுடத் தீர்மானிக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வைக்கும் பழக்கத்தையும் தளர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

இதை வாங்குபவர் தோட்டாவுக்குச் செலவிடும் முன், வெற்றுத் துப்பாக்கியில் பயிற்சி செய்வது நல்லது. சென்டர்ஃபயர் ரைஃபிளுக்கு (ஊசி தோட்டாவின் அடிப்பகுதியின் நடுவில் தாக்கும் வகை) பொதுவாக அதனால் கேடில்லை. ஐயமிருந்தால் போலித் தோட்டா இடலாம். அப்போதும் நாற்காலியில் வசதியாக அமர்ந்து பழகாமல், வேட்டைக்கு அணியும் அதே கையுறையுடன், முழங்காலிலும் நின்ற நிலையிலும், விரல் தகட்டின் நடுவில் தானாகவே பதியும்வரை பழக வேண்டும்.