12 பிளாக், 60 டன்: ஆர் மொழியின் எண்கள் எவ்வளவு தேறும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கணக்குப் பார்ப்பவர்கள் புதுக் கணக்குத்தாளைச் சோதிக்க மாதிரி எண்கள் வேண்டுமென்றால் எக்செல்லைத்தான் திறக்கிறார்கள். அங்கே குத்துமதிப்பான எண் தரும் ரேண்ட் (RAND) சூத்திரம், தாளில் எதைத் தொட்டாலும் எண்களை மாற்றிவிடும். புள்ளிவிவரக் கணக்குக்கான நிரல் மொழியான ஆர் (R) இலவசம், செட்.சீட் (set.seed) கட்டளையில் ஒரு தொடக்க எண் (சீட்) கொடுத்துவிட்டால் நாளைக்கும் அதே எண்கள். இதற்காகவே மாறலாம். ஆனால் நிபந்தனை என்று வந்துவிட்டால், கூடவே வரும் அடிப்படைக் கட்டளைகள் பாதி வழிதான் கைகொடுக்கும்.

சோதனைக் கணக்கு இது: 12 செம்பனை பிளாக், ஒவ்வொன்றிலும் 3 முதல் 8 டன் குலை, ஆலை எடைச் சீட்டில் மொத்தம் 60 டன்.

வரம்புக்குள் சம வாய்ப்போடு எண் தரும் ஆர்யூனிஃபில் (runif) 12 எண் எடுத்து, கூட்டுத்தொகையால் வகுத்து 60-ஆல் பெருக்குவதுதான் பலரின் வழக்கம். மொத்தம் பொருந்தும், வரம்பு உடையும். சராசரிக் கூட்டுத்தொகை 66 என்பதால் எல்லாமே சுருங்கி, 3.1 டன் 2.8 ஆகிவிடும். 11 எண் எடுத்து மிச்சத்தைக் கடைசி பிளாக்கின் தலையில் கட்டுவது இன்னும் மோசம். அந்த 11-இன் சராசரிக் கூட்டுத்தொகையே 60.5, பாதிக்கு மேற்பட்ட தடவை கடைசி பிளாக் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். மீறியதை எல்லையிலேயே வெட்டி நிறுத்தினால் மொத்தமும் கெடும், 3-லும் 8-லும் எண்கள் குவியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மோசமான வழியே ஒரு திருத்தத்தோடு முழுக்கச் சரி. கடைசி எண் 3–8க்குள் விழாவிட்டால் அதை மட்டும் மாற்றாமல் 11-ஐயும் தூக்கி எறிந்து மறுபடி எடுக்க வேண்டும். ஐந்துக்கு ஒன்று தேறும், கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் மழை மாதம், மொத்தம் 40 டன் என்றால் 46 கோடிக்கு ஒன்றுதான் தேறும். சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கும் வைல் (while) சுழற்சி முடியாது. நிரல் தொங்கிவிட்டது என்று நினைப்பீர்கள்.

அந்த இடத்தில் சரகேட் (Surrogate) என்ற கூடுதல் தொகுப்பின் ரேண்ட்வெக் (RandVec) கட்டளை காசில்லாத புதையல். கீழ் வரம்பு ஏ=3, மேல் வரம்பு பி=8, மொத்தம் எஸ்=40, பிளாக் எண்ணிக்கை என்=12; எத்தனை தொகுதி வேண்டுமோ அது எம். எதையும் எறியாமல் நேராகத் தரும். சீட் எண்ணை அதன் அடைப்புக்குள்ளேயே கொடுங்கள். விளக்கக் குறிப்பு மட்டும் ரொம்பச் சுருக்கம்.

இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் மொத்தம் 10, 20 கிலோ தவறும். 10 கிலோவை ஓர் அலகாக வைத்து எல்லாவற்றையும் கீழ்நோக்கி முழுமையாக்கி, மிஞ்சும் அலகுகளைப் பெரிய பின்னம் உள்ள பிளாக்குகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அலகுகளைக் குலுக்கல் முறையில் பிரித்துத் தரும் ஆர்மல்டினாம் (rmultinom) முழு எண்ணாகவே தரும்தான். ஆனால் 6000 அலகைச் சம வாய்ப்போடு பிரித்தால் எல்லா பிளாக்கும் 5 டன்னை ஒட்டியே நிற்கும். எந்தத் தோட்டத்தில் அப்படிக் காய்க்கிறது?

மொத்தம் பற்றிக் கவலையில்லை, ஒவ்வொரு எண்ணுக்கும் வரம்பு போதும் என்றால் வரம்புக்குள் வெட்டிய மணி வடிவப் பரவலில் (நார்மல்) எண் தரும் ட்ரங்க்நார்ம் (truncnorm) தொகுப்பு போதும். பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கும் சாம்பிள் (sample) கட்டளையில் ஒரு பொறி உண்டு: பட்டியலில் 7 மட்டும் மிஞ்சியிருந்தால் 7-தான் வரும் என்பதில்லை, 1 முதல் 7 வரை ஏதாவது வரும். 2019-இல் வந்த ஆர் 3.6.0 பதிப்பில் சாம்பிளின் உள்வேலை மாறியது. பழைய நிரல் அதே சீட் எண்ணுக்கு வேறு எண் தந்தால், சாம்பிள்.கைண்ட் (sample.kind) என்பதை ரவுண்டிங் (Rounding) என்று மாற்றிப் பாருங்கள்.