பழைய ஜீப் பாகங்களில் செய்த மினி டிராக்டர் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய ஜீப், வேன், சரக்கு ஆட்டோ ஆகியவற்றின் பாகங்களைச் சேர்த்துப் பட்டறையில் செய்த மினி டிராக்டரைக் காணொளியில் பார்த்துவிட்டு வாங்க நினைக்கும் சிறு விவசாயிகள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நாமக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய அத்தகைய வண்டி, ஒரு கோடை உழவைக்கூட முடித்துத் தரவில்லை.

அதன் அடிப்படை யோசனையில் குறை சொல்வதற்கில்லை. ஜீப்பின் முதல் கியரில் ஓட்டினாலும் உழவுக்குத் தேவையானதைவிட வேகம் மிகவும் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொன்றை இணைத்து, ஆள் நடக்கும் வேகத்துக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். 1930களில் அமெரிக்க விவசாயிகள் பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களை இப்படித்தான் உழவுக்கு மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்வீடன் விவசாயிகளும் இதையே செய்தார்கள். பட்டறைக்காரரும் தம் காணொளியில் அந்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்கிறார். ஆனால் அந்த விவசாயிகளில் பெரும்பாலோர் தங்கள் கையால் செய்து தாங்களே ஓட்டியவர்கள். எந்த இடம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்பதை அறிந்தே ஓட்டினார்கள். விலை கொடுத்து வாங்குகிற நமக்கு அதை யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது கியர் பாக்ஸ் வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும்போது, பின் ஆக்சிலுக்குப் போகும் முறுக்கு விசையை ஏறத்தாழ நான்கு மடங்காக்கிவிடுகிறது. கம்பெனி டிராக்டரில் கடைசிக் குறைப்பு சக்கரத்துக்கு அருகில், 'புல் கியர்' (bull gear) என்ற பெரிய பல்சக்கரத்தில் நடப்பதால், அதற்கு முன்னால் இருக்கும் கிரவுன் பினியன் (ஓட்டத்தைப் பின் ஆக்சிலுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி) அவ்வளவு பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. பட்டறை வண்டியில் முழுப் பாரமும், தார்ச்சாலைக்காகச் செய்த ஜீப்பின் கிரவுன் பினியன்மீதே விழுகிறது. சக்கரம் வழுக்கினால் பாகம் தப்பிக்கும். ஆனால் சக்கரம் வழுக்கக் கூடாது என்று பின்னால் கான்கிரீட் கட்டையை ஏற்றி, பெரிய டிராக்டர் டயரையும் மாட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பட்டறை வாசலில் உழுது காட்டிய இடம் ஏற்கெனவே புழுதியாகக் கிடந்த மண் என்பதையும் சொல்ல வேண்டும். என் காட்டில் காய்ந்து கிடந்த செம்மண்ணில் ஐந்து கொத்துக் கலப்பையை இறக்கியதும், முதல் நாளே பின்புறம் உறுமத் தொடங்கியது. அந்த வாரத்திலேயே வண்டி நின்றுவிட்டது. உள்ளூர் மெக்கானிக் பின் ஆக்சிலின் ஹௌசிங்கை (மூடு கூட்டை) திறந்தபோது, கரி போலக் கறுத்த ஆயிலோடு பினியன் பற்கள் சில்லுச் சில்லாக வந்தன. ஆக்சில் ஷாஃப்டின் நுனியில் இருந்த நேர்வரிப் பற்கள் கயிறு முறுக்கியது போலத் திருகியிருந்தன. பட்டறைக்காரரை அழைத்தபோது கிடைத்த பதில்: "வண்டி மேல குத்தமில்லீங்கண்ணா, உங்க மண்ணுதானுங்க இறுக்கம்." அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவேயில்லை.

இவற்றைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) எண் இருக்க வேண்டிய இடம் கிரைண்டரால் தேய்க்கப்பட்டு, மேலே பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. அந்த ஜீப் யாருடையது, அதன்மீது வழக்கு ஏதும் உண்டா என்பதை இனி யார் சொல்வது? "காட்டுக்குள்ளேயே ஓட்டினால் ஆர்.சி. தேவையில்லை" என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக ஊராட்சிச் சாலையைத்தான் கடக்க வேண்டியிருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை இப்படி மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. வட மாநிலங்களில் இப்படிக் கிடைத்த பாகங்களைச் சேர்த்துச் செய்து ஓட்டும் 'ஜுகாட்' வண்டிகளும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. பதிவு இல்லாததால் காப்பீடு கிடையாது. யார்மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழும். மானியமும் கிடைக்காது.

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், உங்கள் நிலத்திலேயே, உங்கள் கலப்பையை மாட்டி, அரை நாள் தொடர்ந்து உழுது காட்டச் சொல்லுங்கள். பின் ஆக்சில் எந்த வண்டியுடையது என்று கேளுங்கள். சேஸிஸ் எண்ணைத் தடவிப் பாருங்கள். ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கட்டாயம் படியுங்கள். எனக்குக் கொடுத்த ரசீதில் 'டிராக்டர்' என்ற சொல்லே இல்லை. 'பழைய இரும்புச் சாமான், ஒரு செட்' என்று எழுதி, வெறும் எண்பதாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மீதிப் பணம் வங்கி வழியாகப் போனதால் அதற்காவது ஆதாரம் இருக்கிறது.

அந்த வங்கிக் கணக்கு விவரத்தையும், மெக்கானிக் எடுத்த படங்களையும், பட்டறைக் காணொளியின் பதிவையும் இணைத்து, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விற்றவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். இதே பட்டறைப் பக்கம் வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், ரசீதையும் உடைந்த பாகங்களையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.