சிறைக்கு அனுப்பும் சட்டம், ஊசி கொடுக்கும் சட்டம்

பாலக்காடு மாவட்டத்து வாளையாறு எல்லையில் எல்லோரும் அறிந்தது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். அதன் 27-ஆவது பிரிவின்படி பயன்படுத்துபவரையும் சிறைக்கு அனுப்பலாம். சிகிச்சைக்கு முன்வருபவருக்கு விலக்கு உண்டு. அது எத்தனை பேருக்குத் தெரியும்? பயந்த பையன் ஒளிந்துகொண்டு ஒரே ஊசியை நண்பனோடு பகிர்கிறான். குழலில் தங்கிய துளி இரத்தமே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரவப் போதும். 2025-இல் மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில் இப்படித்தான் எச்.ஐ.வி. பரவியது.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் வேறு வழியில் போகிறது. அதன் 22-ஆவது பிரிவின்படி, தொற்றைத் தடுக்க அரசு வழிகாட்டுதல்படி புது ஊசி கொடுப்பது குற்றமாகாது. நாக்கடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை போல, போதைப்பொருளுக்குப் பதிலாகத் தரும் மருந்துக்கும் அதே பாதுகாப்பு. புது ஊசி வாங்க வந்து பழையதைப் பெட்டியில் போடுபவரிடம் எச்.ஐ.வி. பரிசோதனை பற்றியும் பேச முடிகிறது. கடத்தல்காரனுக்கு முதல் சட்டம் இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் வேண்டும். பாலக்காட்டுத் தமிழருக்கு அதைத் தமிழிலேயே சொல்ல வேண்டும்.